வானத்தில் நின்றுபோன மூன்று முட்கள்

"என்னைக் கொல்லப் பார்த்திருக்கான்" என்றார் சேஷாத்ரி, உப்புமாவின் மேல் இன்னும் கொஞ்சம் ஊறுகாய் போட்டுக்கொண்டே.

ரவிச்சந்திரன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கொலைக்குத் தப்பியவரே இரண்டாம் தடவை உப்புமா வாங்கிக்கொள்ளும்போது, துப்பறிய வந்தவன் எதற்குப் பட்டினி கிடக்க வேண்டும்? ஹனோவர் மாணவர் விடுதியில் வாரம் முழுக்க உருளைக்கிழங்கோடு மல்லுக்கட்டுகிறவனுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை உப்புமாவின் அருமை தெரியும்.

"யாரு சார்?" என்று கேட்டாள் வைதேகி.

"புரூனோ."

இப்போது ரவியின் கரண்டி நின்றது. புரூனோ ஹார்ம்ஸ், ஊருக்கு வெளியே பிர்க்கன்ஹோஃப் விமானத் திடலின் மெக்கானிக். இதே மேஜையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய மிளகு ரசம் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்ட மனிதர். சேஷாத்ரிக்கு ஜெர்மனியில் கிடைத்த முதல் நண்பர். சேஷாத்ரியின் விமானத்தைத் தன் சொந்தப் பிள்ளையைப் போலத் திட்டித் திட்டிப் பார்த்துக்கொள்கிறவர்.

ஆமாம், விமானம். ரப்பர் ஆராய்ச்சி செய்யும் டாக்டர் சேஷாத்ரியிடம் சொந்தமாக ஒரு குட்டி விமானம் இருந்தது. ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கை, வெள்ளை உடம்பில் நீலக் கோடு. அது பிறந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. இந்த 1972-இல் வேறு யாரும் வாங்க முன்வராத விலைக்கு அது அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. சம்பளத்தில் பாதியும் சனிக்கிழமைகள் முழுதும் அதற்கே போனதால், அவர் மனைவி கிரிஜா அதற்கு வைத்திருந்த பெயர் சக்களத்தி.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள் வைதேகி.

ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், எரியாத வீட்டுக்கும் தொலையாத நகைக்கும் பணம் கேட்கிறவர்களைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்க வந்தவள், அணுக்களைவிட மனிதர்கள் அதிகம் ஏமாற்றுகிறார்கள் என்று கண்டு இந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். ஓய்வு நேரத்தில் ஊர்த் தமிழர்களின் புதிர்களையும் அவிழ்த்து வைப்பாள். அவளுடைய பழைய வோக்ஸ்வேகனை ஓட்டுவதும், கேட்காமலே கருத்துச் சொல்வதும் ரவியின் பொறுப்பு.

"போன வாரம் ஆயுத பூஜை அன்னிக்கு நடந்தது" என்று ஆரம்பித்தார் சேஷாத்ரி. "உனக்குத்தான் பிராங்பேர்ட்ல வேலை, வரலை. ரவி வந்திருந்தான்."

"சுண்டல் பிரமாதம்" என்றான் ரவி.

"விமானத்துக்குப் பூஜை முடிஞ்சு நான் தனியா கிளம்பினேன். எஞ்சின் சத்தம் பிரமாதம். சக்கரம் தரையை விட்டது. கொஞ்சம் ஏறினதும் பாக்கறேன், உயரம் காட்டற முள் அசையவே இல்லை. ஏறறோமா இறங்கறோமான்னு காட்டற முள் சைபர்ல நிக்கறது. சரி, ரெண்டும் போச்சுன்னு நினைச்சா, வேகம் காட்டற முள் மடமடன்னு இறங்கறது. நான் ஏற ஏற அது இறங்கறது. கடைசில அதுவும் சைபர்!"

"சைபர் வேகம்னா?"

"கல்லு மாதிரி விழணும்னு அர்த்தம். ஆனா கீழே மரமெல்லாம் சின்னதாயிண்டே போறது. எதை நம்பறது? முள்ளை நம்பி, வேகம் கூடட்டும்னு விமானத்தோட மூக்கைக் கீழே அமுக்கியிருந்தா தரையில குத்தியிருப்பேன். எஞ்சின் சத்தத்தை மட்டும் காதுல வெச்சுண்டு, பழக்கத்துல ஒரு சுத்து சுத்தி இறக்கிட்டேன். இதுல வேடிக்கை என்னன்னா, தரைகிட்ட வந்ததும் வேக முள் மறுபடி எழுந்துண்டு யோக்கியமா நடந்துக்கறது!"

கிரிஜா அடுப்பங்கரை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். "கீழே நின்ன எனக்கு ஒண்ணுமே தெரியலை" என்றாள். "இறங்கி வந்து இவர் சொன்னப்போதான் தெரிஞ்சுது."

"இதுல புரூனோ எங்கே வர்றார்?"

சேஷாத்ரி விரலை மடக்கினார். வருடாந்தரச் சோதனைக்காக அதற்கு முந்தின வாரம்தான் புரூனோ முட்கள் இருக்கும் பலகையைக் கழற்றி மாட்டியிருந்தார். அதற்கு முன்னால் இருவருக்கும் எல்லார் எதிரிலும் சண்டை. பெட்ரோல் போகிற ரப்பர் குழாய்கள் கிழடாகிவிட்டன, மாற்று என்றார் புரூனோ. ரப்பரைப் பற்றி எனக்கே பாடமா, இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்றார் சேஷாத்ரி. "ஒருநாள் இந்த விமானமே உனக்குப் புத்தி சொல்லும்" என்று கத்திவிட்டுப் போனார் புரூனோ. சம்பவத்துக்கு மறுநாள் அவரே எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, கோளாறே இல்லை என்று கையை விரித்தார்.

"ராத்திரியில வந்து அவனே சரி பண்ணிட்டான். வேற எப்படி கோளாறு தானா காணாம போகும்?" என்றார் சேஷாத்ரி. "விமானக் கழகத்துல புகார் கொடுத்துட்டேன். இன்னிக்குச் சாயங்காலம் கமிட்டி கூடறது. உன் வாயால ஆதாரம் கிடைச்சா, விமானத்தைச் சோதிச்சு அவன் போடற முத்திரையைப் பிடுங்கிடுவா."

"முத்திரை போனா?"

"மெக்கானிக் வேலையும் போச்சு. திடல்ல குடியிருக்கற வீடும் போச்சு." இதைச் சொல்லும்போது சேஷாத்ரி யார் முகத்தையும் பார்க்கவில்லை.

*

இரண்டு கார்களில் பிர்க்கன்ஹோஃபுக்குக் கிளம்பினார்கள். சேஷாத்ரியும் கிரிஜாவும் முன்னால் போக, வோக்ஸ்வேகன் பின்னால் இருமிக்கொண்டு போயிற்று.

"மேடம், எனக்கு மாமி மேலதான் சந்தேகம்" என்றான் ரவி. "நோக்கம் வலுவா இருக்கு. சக்களத்தியை ஒழிச்சுக் கட்டணும்."

"புருஷன் உள்ளே இருக்கறப்பவா?"

"ஆத்திரக்காரங்க அதெல்லாம் யோசிக்க மாட்டாங்க."

"ரோட்டைப் பாரு, ரவி."

விமானக் கொட்டகைக்குள் புரூனோ ஒரு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். கமிட்டிக்காக இஸ்திரி போட்ட சட்டை. அதன் கழுத்துப் பொத்தான் அவருக்கு எட்டவில்லை. அவர் ஜெர்மனில் பேசினார்; உறுமினார் என்றாலும் தப்பில்லை.

"கொலைகாரனைப் பார்க்க வந்தீர்களா? இதோ நிற்கிறேன்."

"ஒரே ஒரு கேள்விதான் ஐயா" என்று வைதேகியும் ஜெர்மனிலேயே கேட்டாள். "அந்த முட்களுக்குப் பின்னால் இருக்கும் குழாயை ஒருவர் வேண்டுமென்றே தளர்த்திவிட்டால் என்ன ஆகும்?"

"விமானத்துக்குள் இருக்கும் காற்றைக் குடிக்கும். கொஞ்சம் பொய் சொல்லும்."

"அசையாமல் நின்றுவிடுமா?"

"நிற்காது. அதைத்தான் கமிட்டிக்காரர்களிடம் சொன்னேன். மெக்கானிக் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறான் என்றார்கள்." அவர் சேஷாத்ரி நின்ற பக்கம் திரும்பவே இல்லை. "இன்னொன்றும் சொல்கிறேன். நான் ஒருவனைக் கொல்ல நினைத்தால் இவ்வளவு மட்டமாகவா வேலை செய்வேன்?"

சொல்லிவிட்டுக் கழகக் கட்டிடத்தை நோக்கி நடந்துவிட்டார். ரவிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பெரிய முதுகு தனியாகப் புல்வெளியைக் கடப்பதைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"அவர் சொல்றது சரி" என்றாள் வைதேகி. "ரவி, ஒரு வீட்டுல மூணு கடிகாரம் ஒரே நேரத்துல நின்னா என்ன அர்த்தம்?"

"மாமனார் வீட்டுச் சீதனமா இருக்கும்."

"மூணுக்கும் பொதுவா ஏதோ ஒண்ணு நின்னிருக்குன்னு அர்த்தம். வா இங்கே."

விமானத்தின் இடது விலாவில், கதவுக்கு முன்னால், சட்டைப் பொத்தான் அளவில் பளபளப்பான ஓர் உலோக வட்டம் இருந்தது. அதன் நடுவில் ஊசி நுழையும்படி ஒரு துளை.

"இந்த மூணு முள்ளும் மூச்சு விடறது இந்த ஒரே மூக்கு வழியாத்தான். மேலே போனா வெளிக்காத்தோட அழுத்தம் குறையும். அந்தக் குறைச்சல் இது வழியா உள்ளே தெரிஞ்சாத்தான் உயரம் தெரியும், வேகமும் சரியா தெரியும். இதை அடைச்சிட்டா தரையில இருந்த காத்து உள்ளேயே மாட்டிக்கும். விமானம் மேகத்துல இருந்தாலும் முள்ளைப் பொறுத்தவரை இன்னும் பிர்க்கன்ஹோஃப் புல்லுலதான் நிக்கும்."

"கீழே வந்தா மறுபடி கணக்குச் சரியாயிடும்" என்று முணுமுணுத்தார் சேஷாத்ரி. படித்தவர், சட்டென்று பிடித்துக்கொண்டார். உடனே நிமிர்ந்தார். "அப்போ அவன் எதையோ ஒட்டி அடைச்சிருக்கான்!"

"கிளம்பறதுக்கு முன்னாடி இந்தத் துளையைப் பாத்தீங்களா?"

"பாக்காம ஏறுவேனா? பழைய விமானத்தை வெச்சுண்டிருக்கறவன் நான். டாங்கிலேர்ந்து பெட்ரோல் பிடிச்சு, தண்ணி கலந்திருக்கான்னு கண்ணாடிக் குப்பியில பாத்தேன். எண்ணெய் பாத்தேன். இறக்கை, வால், சக்கரம், இந்தத் துளை, எல்லாம் சுத்தி வந்து தொட்டுப் பாத்தேன். சுத்தமா இருந்தது. நான் சத்தியம் பண்றேன்."

"இவர் சாமியைக்கூட இப்படிப் பிரதட்சிணம் பண்ண மாட்டார்" என்றாள் கிரிஜா.

"நல்லது. அப்போ நீங்க சுத்தி வந்ததுக்கும் மேலே ஏறினதுக்கும் நடுவுல அடைபட்டிருக்கு. அந்த நேரத்துல புரூனோ எங்கே?"

பதில் கிரிஜாவிடமிருந்து வந்தது.

"கொட்டகை வாசல்ல நின்னுண்டிருந்தார். கற்பூரம்னதும் குதிச்சார், பெட்ரோல் பக்கத்துல நெருப்பான்னு. அப்புறம் நாங்க வேலிக்கு அந்தண்டை போய்த்தான் தட்டைக் காமிச்சோம். அப்பவும் மனசு கேக்காம, தீயணைக்கற சிலிண்டரை ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுண்டு பூஜை முடியறவரைக்கும் நின்னார் பாவம். விமானம் கிட்டவே வரலை."

கொல்ல நினைத்ததாகச் சொல்லப்பட்ட மனிதர் அன்று சண்டையையும் மறந்து சிலிண்டரைக் கட்டிக்கொண்டு காவல் நின்றிருக்கிறார் என்பது சேஷாத்ரிக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆக, கிட்ட இருந்தது நம்ம ஆட்கள்தான்" என்றான் ரவி உற்சாகமாக. "துப்பறியும் கதையில வர்ற பூட்டின அறை மாதிரி, மேடம்! உள்ளே ரெண்டே பேரு. சார், மாமி. நான் அப்பவே சொன்னேன்."

வைதேகி அவனை ஒருமாதிரி பார்த்துவிட்டு விமானத்தின் மறுபக்கம் போனாள். குனிந்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி தலையைச் சரித்துப் பார்த்தாள். "இறங்கினதும் என்ன பண்ணீங்க சார்?"

"சும்மா நிக்க முடியலை. வழக்கம்போல வெந்நீரும் சோப்பும் எடுத்துண்டு விமானத்தைத் துடைச்சேன்."

"நல்லா தேய்ச்சு?"

"பூச்சியெல்லாம் அப்பியிருக்குமே."

"தடயத்தை அழிச்ச கொலையுண்டவரை இப்பத்தான் முதல் தடவையா பாக்கறேன்" என்றாள் வைதேகி. "ராத்திரியில யாரும் வந்து சரி பண்ணலை. நீங்களே சரி பண்ணிட்டீங்க. ஆனா வெள்ளைப் பெயின்ட்ல குங்குமக் கறை அவ்வளவு லேசுல போகாது. ரவி, வந்து பாரு."

வலது பக்கம் ஜன்னலுக்குக் கீழே மூன்று ரோஜா நிறப் புள்ளிகள். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி மங்கலாக, ஆனால் வரிசையாக, ஒரே அளவாக, மோதிர விரலால் வைத்த அழகோடு இருந்தன.

"இது கை தேர்ந்தவங்க வெச்ச பொட்டு. இப்ப இந்தப் பக்கம்."

இடது பக்கமும் கறைகள் இருந்தன. அவை பொட்டு என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட வேண்டியவை. ஒவ்வொன்றும் கட்டைவிரலால் அப்பி, அவசரமாக இழுத்த மாதிரி இருந்தது. கடைசிக் கறை அந்தப் பளபளப்பான வட்டத்தைச் சுற்றி ஒளிவட்டம் போட்டிருந்தது. வைதேகி கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி, வட்டத்தின் விளிம்பை நெருடினாள். மஞ்சளாக ஒரு துணுக்கு உதிர்ந்தது. அதை ரவியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"சந்தனம்" என்றான் ரவி.

"கெட்டியா அரைச்ச சந்தனம். துளைக்குள்ள போய் உட்கார்ந்து காஞ்சா சிமெண்ட் மாதிரி அடைச்சுக்கும். வெந்நீர் பட்டா கரைஞ்சு போயிடும். கிரிஜா, பொட்டு வெச்சது யாரு?"

"வலது பக்கம் நான்தான் வெச்சேன். அதுக்குள்ள ராகுகாலம் வந்துடும்னு இவர் பறந்தார். நான் எலுமிச்சம்பழம் எடுக்கப் போனேன். இடது பக்கத்தை…" கிரிஜா பாதியில் நிறுத்திக்கொண்டாள். நல்ல மனசுக்காரி, யாரையும் பார்க்காமல் புல்லைப் பார்த்தாள்.

சந்தனக் கிண்ணம் தன் கையில் இருந்தது ரவிக்கு நினைவுக்கு வந்தது. சுண்டல் ஆறிவிடுமே என்று அவசரப்பட்டதும் நினைவுக்கு வந்தது. மெதுவாகத் தன் வலது கட்டைவிரலை எடுத்து அந்தக் கறையின் மேல் வைத்தான். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது.

"அந்த வட்டம்… பொட்டு வைக்கவே செஞ்சு வெச்ச மாதிரி இருந்துச்சு மேடம்" என்றான்.

"பூட்டின அறைக்குள்ள மூணு பேரு, ரவி. உன்னை நீ எண்ண மறந்துட்டே."

"மாமி, சார்… நான்… அவர் செத்திருப்பாரே!"

"சாகலை. ஆனா தப்பு உன்னோடது மட்டும் இல்லை" என்று வைதேகி சேஷாத்ரியிடம் திரும்பினாள். "பூஜை முடிஞ்சப்புறம் இன்னொரு தடவை சுத்திப் பாத்தீங்களா?"

"எப்படிப் பாக்கறது? சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. ஏறி உட்கார்ந்தா நேரா நசுக்கிண்டு போயிண்டே இருக்கணும். நடுவுல இறங்கினா அபசகுனம் இல்லையோ?"

"நம்ம ஊர்ல ஸ்கூட்டருக்கு அது சரி. ஸ்கூட்டருக்கு மூக்கு இல்லை. பூஜையை முதல்ல பண்ணிட்டு, கடைசியா நீங்க சுத்திப் பாத்து ஏறியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. நீங்க பாத்து முடிச்சப்புறம் நாலு கை விமானத்தைத் தொட்டிருக்கு."

சேஷாத்ரி இறக்கையின் மேல் சாய்ந்தார். "புகாரை வாபஸ் வாங்கிடறேன்" என்றார். "காரணம் சொல்ல வேண்டாமே, வைதேகி? சந்தனம், எலுமிச்சம்பழம்னு இவா முன்னாடி சொன்னா ஊரே கைகொட்டிச் சிரிக்கும். வேலை பாக்கற இடத்துலயும் தலை காட்ட முடியாது."

"காரணம் சொல்லாம வாபஸ் வாங்கினா உங்களுக்கு மானம் மிஞ்சும். அவருக்கு? நண்பன் பாவம் பாத்து விட்டுட்டான்னுதான் பேசுவாங்க. அவர் போட்ட முத்திரையை அப்புறம் எவன் நம்புவான்?"

கழகக் கட்டிடத்துக்குள் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. ரவி சட்டையை உள்ளே செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். ஓடியே போனான் என்று சொல்லலாம்.

காப்பியும் ஆப்பிள் கேக்கும் பரப்பிய நீள மேஜைக்கு முன்னால் நின்று அவன் பேசிய ஜெர்மன், ஜெர்மனிக்கே புதிது. சந்தனத்துக்கு அவனுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. பொட்டுக்கு அந்த மொழியில் வார்த்தையே கிடையாது. கடைசியில் கேக் மேலிருந்த கிரீமைக் கட்டைவிரலால் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக் காட்டினான். "இதை விமானத்தின் மூக்கில் வைத்தேன். நான் வைத்தேன். ஹார்ம்ஸ் ஐயா வைக்கவில்லை" என்று மூன்று தடவை சொன்னான்.

"எதற்காக விமானத்துக்கு இது?" என்று கேட்டார் தலைவர்.

"அவர் பத்திரமாகப் போய் வர வேண்டும் என்று."

முதலில் ஒருவர் இருமினார். அப்புறம் மேஜையே குலுங்கியது. தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நெற்றியில் கிரீம் வழிய ரவி அசையாமல் நின்றான். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள், வாசலில் வந்து நின்ற சேஷாத்ரி எல்லார் காதிலும் விழும்படி, "புகார் பொய். தப்பு என்னுடையது" என்றார்.

புரூனோ மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே வந்து புல்லில் நின்றார். சேஷாத்ரி அவர் பின்னாலேயே போனார். ரவியும் மற்றவர்களும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள்.

"வேலை போயிருந்தால் வேறு வேலை தேடியிருப்பேன்" என்றார் புரூனோ. "ஆனால் ஒரு வாரம் முழுக்க நான் உன்னைக் கொல்லப் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாய்."

"தூங்கவில்லை" என்றார் சேஷாத்ரி. அவருக்கு அதற்கு மேல் ஜெர்மன் வரவில்லை. தமிழும் வந்திருக்காது. மன்னிப்பு என்ற வார்த்தையை இரண்டு தடவை ஆரம்பித்து இரண்டு தடவையும் முடிக்காமல் விட்டார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து விமானத்தின் சாவியை எடுத்தார். ஒரு தடவைகூட வேறு ஒருவரை அதன் இடது பக்க ஓட்டுநர் இருக்கையில் உட்கார விட்டதில்லை அவர். விமானம் ஓட்டத் தெரிந்த புரூனோவையும் சேர்த்துத்தான். சாவியைப் புரூனோவின் உள்ளங்கையில் வைத்தார்.

"நீ ஓட்டு. இப்போதே. நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன்."

புரூனோ சாவியைப் பார்த்தார். ஜன்னல் ஓரமாகக் கூட்டம் கூடியிருந்த கழகக் கட்டிடத்தைப் பார்த்தார். அவசரமே இல்லாமல் விமானத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, தொட வேண்டியதையெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு, கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு ஏறினார். வலது பக்கம் ஏறிய சேஷாத்ரி கதவைச் சாத்தி, இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டார்.

வெள்ளை விமானம் புல்லில் ஓடி எழும்பியது. கமிட்டிக்காரர்கள் கேக் தட்டோடு வெளியே வந்து பார்த்தார்கள். கிரிஜா ரவியின் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. சக்கரங்கள் மறுபடியும் தரையைத் தொடும்வரை அவள் விடவில்லை, அவனும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.